ரிவரில் விழுந்த ராஜா: 25 வில்லை வைத்த ஒரு கையின் ஆய்வு

போக்கரில் முதலில் பேச வேண்டிய இடத்தில் மாட்டிக்கொண்டு, பெரிய கையும் இல்லை, தூக்கிப் போடவும் மனசில்லை என்ற நிலையில் ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை வந்துவிட்டவர், எதிராளி பெரிதாக வைப்பதற்கு முன் தானே முந்திக்கொண்டு சின்னதாக ஒரு பந்தயம் வைப்பதுண்டு. பிளாக்கிங் பெட், அதாவது மறிக்கும் பந்தயம், என்று பெயர். நடுவில் சேர்ந்திருக்கும் தொகையில் (அதுதான் பாட்) நாலில் ஒரு பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு. “சின்னதா வெச்சா சின்னதோட போகும், பெருசா அடி விழாது” என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் நியாயம். குன்னூரில் எங்கள் மேஜையில் வந்த ஒரு கையை வைத்து அந்த நியாயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பந்தயம் பல சமயம் சரிதான். அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு. காரணம் தப்பாக இருப்பதால் ஆள் மாறும்போது பந்தயமும் தப்பாகிவிடுகிறது.

மேஜை

வடகிழக்குப் பருவமழை நேரம். மலை ரயில் பாதையில் மண் விழுந்து வண்டி நின்றுபோயிருந்தது. மேட்டுப்பாளையம் சாலையிலும் மரம் சாய்ந்து கிடந்தது. கோவைக்குத் திரும்ப வேண்டிய பொறியியல் மாணவர் ஒருவர், எங்களுக்குத் தம்பி, குன்னூரிலேயே மாட்டிக்கொண்டதால், வழக்கமாக நாலு பேர் உட்காரும் மேஜையில் அன்றைக்கு ஐந்து பேர். மற்ற மூவர்: தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தும் டீச்சர். வங்கியில் வேலை பார்க்கும் சார் ஒருவர். ஐந்தாவது ஆள் நான்.

காசு கிடையாது. அதற்குப் பதில் ஆளுக்கு 1000 வில்லை, கடைசியில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அவர் அடுத்த வாரம் வர்க்கியும் டீயும் வாங்கி வர வேண்டும். போக்கர் என்றதும் பலர் புருவத்தைத் தூக்குவதால் இதைச் சொல்லிவிடுகிறேன். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னது. ஆனால் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடுவதையே மொத்தமாகத் தடை செய்துவிட்டது. எங்கள் மேஜைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வர்க்கிக்கு யாரும் வழக்குப் போட மாட்டார்கள்.

இன்னொன்று, மழைக்காலத்தில் இந்த ஊரில் காகிதச் சீட்டு ஆகாது. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்தால் ஒரு மணி நேரத்தில் சீட்டு ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒன்று போட்டால் இரண்டு விழும். நாங்கள் ஆடுவது பிளாஸ்டிக் சீட்டு. அதையும் நடுநடுவே துண்டால் துடைக்க வேண்டியிருக்கிறது.

கை நடந்த விதம்

பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டும் கட்டாயத் தொகை, 5, 10. ஐந்து கட்டியவன் நான், பத்து கட்டியவர் டீச்சர். தம்பியும் வங்கி சாரும் ஃபோல்ட், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிட்டார்கள். பட்டனில், அதாவது பொதுச் சீட்டு விழத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கடைசியாகப் பேசும் இடத்தில், அண்ணன். அவர் 25 என்றார். நான் விட்டுவிட்டேன். டீச்சரிடம் ஆர்டின் ராணியும் ஆர்டின் 10-ம். இன்னும் 15 போட்டு உள்ளே வந்தார். ஏற்கெனவே 40 கிடக்கும் இடத்தில் 15 போடுவதற்கு 27 சதவீதம் ஜெயித்தால் போதும். ஒரே ஜாதியில் ராணி-பத்து அதைத் தாராளமாகச் செய்யும். இதில் பேச ஒன்றும் இல்லை.

பாட் 55. ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு): கிளாவர் ராணி, டைமன் 8, இஸ்பேட் 4. டீச்சர் செக், அதாவது பந்தயம் வைக்காமல் விட்டார். அண்ணன் 20 வைத்தார், டீச்சர் கால், அதாவது அதே 20-ஐ ஈடு கட்டினார். மேஜையில் கிடக்கும் பெரிய சீட்டோடு சேர்ந்த மேல் ஜோடி, துணைச் சீட்டு சுமார். கால் செய்வதுதான் முறை. பாட் 95 ஆனது.

டர்ன் (நாலாவது பொதுச் சீட்டு): டைமன் 6. டீச்சர் செக், அண்ணனும் செக்.

ரிவர்: கிளாவர் ராஜா.

இந்த ஒரு சீட்டில் டீச்சரின் கை மேல் ஜோடியிலிருந்து இரண்டாவது ஜோடி ஆகிவிட்டது. அவர் இரண்டு சீட்டையும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார். இது அவருடைய பழக்கம், பெரிய கையாக இருந்தாலும் பார்ப்பார், ஆகவே அதில் சேதி ஒன்றும் இல்லை. அப்புறம் 25 மதிப்புள்ள சிவப்பு வில்லை ஒன்றை விரல் நுனியால் நடுவுக்குத் தள்ளினார்.

அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அதுவரை அவர் எதற்காகவும் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

“டீச்சர், நூறா ஆக்கிக்கிறேனுங்க.”

டீச்சர் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். “எடுத்துக்குங்கண்ணா” என்று சீட்டைக் கவிழ்த்துவிட்டார். அண்ணன் தன் சீட்டைக் காட்டவில்லை. காட்டச் சொல்லிக் கேட்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

வங்கி சார் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “ரம்மில முதல் டிராப் மாதிரிங்க. இருபதோட போச்சு, இல்லாட்டி எண்பது எழுதியிருப்போம். செக் பண்ணியிருந்தா அண்ணன் அறுபது வெச்சிருப்பார், டீச்சர் குடுத்திருப்பாங்க.”

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “செக் பண்ணிட்டு அவர் வெச்சா விட்டுடலாமே சார், அதுக்கு ஏன் இருபத்தஞ்சு?” என்றார். இந்தக் கேள்விதான் மொத்த விஷயமும். அன்றைக்கு யாரும் அதற்குப் பதில் சொல்லவில்லை, மின்சாரம் போய்விட்டது.

எண்ணிப் பார்த்தால்

அண்ணன் எந்தெந்தக் கைகளோடு ரிவருக்கு வந்திருக்கலாம்? ஃப்ளாப்பில் வைத்தார், டர்னில் வைக்கவில்லை. ராணி-ஜாக்கி, ஏஸ்-ராணி, ராஜா-ராணி, மூன்று எட்டு போன்றவை கையில் இருந்தால் டர்னில் அவர் மறுபடியும் வைத்திருப்பார், அது அவர் வழக்கம். ஆகவே அவற்றைத் தள்ளிவிடலாம். மிச்சத்தை மூன்று குவியலாகப் பிரிக்கலாம்.

முதல் குவியல், இந்த ராஜாவால் மேலே போனவை. ஏஸ்-ராஜா: நாலு ஏஸ், மேஜையில் ஒன்று கிடப்பதால் மீதி மூன்று ராஜா, ஆக 12 வழி. ராஜா-ஜாக்கி 12 வழி. ராஜா-பத்து: டீச்சரிடம் ஒரு பத்து இருப்பதால் 9 வழி. ஒரே ஜாதியில் ராஜா-ஒன்பது 3 வழி. மொத்தம் 36.

இரண்டாவது, டீச்சரிடம் தோற்கும், ஆனால் சின்னத் தொகை என்றால் கால் செய்து பார்க்கத் தோன்றும் கைகள். ஜாக்கி ஜோடி 6, ஒன்பது ஜோடி 6, ஏழு ஜோடி 6, பத்து ஜோடி 3. ஒரே ஜாதியில் ஏஸ்-எட்டு 3, ஒன்பது-எட்டு 3, பத்து-எட்டு 2. ஒரே ஜாதியில் ராணி-ஒன்பது 2. மொத்தம் 31.

மூன்றாவது, ஒன்றும் சேராதவை. ஏஸ்-ஜாக்கி 16, ஏஸ்-பத்து 12, ஜாக்கி-பத்து 12, ஒரே ஜாதியில் ஜாக்கி-ஒன்பது 4, பத்து-ஒன்பது 3. மொத்தம் 47.

எல்லாம் கூட்டினால் 114. இன்னும் சில உதிரிக் கைகளைச் சேர்க்கலாம், கழிக்கலாம். முடிவு பெரிதாக மாறாது.

இப்போது டீச்சர் 25 வைக்கிறார் என்போம். 47 ஃபோல்ட் ஆகும், பாட் 95 டீச்சருக்கு. 31-ல் ஒரு 20 கால் செய்யும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே 120 வரும். மீதி 11 ஃபோல்ட், 95 வரும். 36 ராஜாக் கைகளிடம் 25 போய்விடும். அவை கால் செய்தாலும் சரி, ரெய்ஸ் செய்தாலும் (தொகையை ஏற்றினாலும்) சரி, ரெய்ஸுக்கு டீச்சர் விட்டுவிடுவதால் நஷ்டம் அதே 25. கூட்டிக் கழித்து 114-ஆல் வகுத்தால் சராசரியாக 61.5 வில்லை.

செக் செய்தால்? எதிராளி ராஜாவோடு 60 வைப்பார், நடுத்தரக் கைகளோடு பேசாமல் சீட்டைத் திறப்பார். ஒன்றும் இல்லாத 47-ல் ஒன்றிலும் புளுகு வைக்காதவர் என்றால், டீச்சர் பந்தயத்துக்கு ஃபோல்ட் செய்துவிட்டு மற்ற 78 வழிகளில் 95 எடுத்துக்கொள்கிறார். சராசரி 65.

61.5 எங்கே, 65 எங்கே! உண்மையாக மட்டும் வைக்கிற ஆளிடம் அந்தச் சின்னப் பந்தயம் ஒவ்வொரு தடவையும் மூன்றரை வில்லையைத் தின்கிறது. 31 நடுத்தரக் கைகளும் ஒன்றுவிடாமல் கால் செய்தால்கூட வரவு 31 × 25 = 775. ராஜாக்களிடம் போவது 36 × 25 = 900. தேறாது.

வங்கி சாரின் ரம்மி உவமை இங்கேதான் உடைகிறது. ரம்மியில் டிராப் செய்தால் 20 புள்ளி எழுதியே ஆக வேண்டும், இலவச டிராப் கிடையாது. அதனால் 20-ஐயும் 80-ஐயும் ஒப்பிடுவது நியாயம். போக்கரில் ரிவரில் செக் செய்துவிட்டு, அவர் வைத்ததும் விட்டால் செலவு பூஜ்யம். டிராப் இங்கே சும்மா கிடைக்கிறது. சும்மா கிடைப்பதற்கு 25 கட்டிவிட்டு, 60 மிச்சம் பிடித்தேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் வங்கி சாரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. செக் செய்துவிட்டு, என்ன வைத்தாலும் ஃபோல்ட் செய்ய மனசு வராத ஆட்கள் இருக்கிறார்கள். ரம்மியிலிருந்து வந்த பலருக்கு அந்த வியாதி உண்டு. எதிராளியின் சீட்டைப் பார்க்காமல் தூக்கம் வராது. உண்மை ஆளிடம் செக் செய்து 60-க்கும் கால் செய்கிறவரின் சராசரி 46-க்கு இறங்கிவிடும். அவருக்கு 61.5 தருகிற சின்னப் பந்தயம் வரப்பிரசாதம். ஆனால் அது கையின் குணம் இல்லை, ஆளின் பலவீனத்துக்குப் போட்ட கட்டு. ஃபோல்ட் செய்யக் கற்றுக்கொண்டால் 65 கிடைக்குமே.

மறிப்பது எதை?

அப்படியென்றால் இந்தப் பந்தயம் எப்போதுதான் சரி? எதிராளி கொஞ்சம் புளுகுகிற ஆளாக இருக்கும்போது.

செக் செய்ததைப் பார்த்ததும், ஒன்றும் சேராத 47-ல் 14 வழிகளில் 60 வைக்கிற ஆள் என்று எடுத்துக்கொள்வோம். ராஜா 36, புளுகு 14. அதாவது அவர் வைக்கும்போது 28 சதவீதம் புளுகு. 60 கால் செய்ய டீச்சருக்குத் தேவையான வெற்றி வாய்ப்பும் 28 சதவீதம்தான், 155-ஐ எடுக்க 60 போடுகிறார். கால் செய்தாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். நகத்தைக் கடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்தாலும் ஒரு வில்லைகூட அதிகம் வராத இடம். இரண்டு வழியிலும் சராசரி 53 சொச்சம்.

இதே ஆளிடம் 25 வைத்தால் 61.5 அப்படியே நிற்கிறது, அந்த 14 கைகள் ரெய்ஸ் செய்யத் துணியாமல் ஃபோல்ட் ஆகும் வரை. எட்டு வில்லை லாபம். இந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ராஜாக்களிடமிருந்து இல்லை, அவற்றிடம் இன்னும் 900 இழந்துகொண்டுதான் இருக்கிறோம். கால் செய்கிறவர்கள் தருவது 500. மீதி எல்லாம், முன்பு நம்மைப் பயமுறுத்தி 95-ஐ வாங்கிப் போயிருக்கும் 14 வெறுங்கைகள் இப்போது வாயைத் திறக்காமல் போவதால் வருவது: 14 × 95 = 1330.

சின்னப் பந்தயம் பெரிய கையை மறிப்பதில்லை. பெரிய கை எதற்கும் மறிபடாது, அது ரெய்ஸ் செய்துவிட்டுப் போகும். மறிபடுவது புளுகு மட்டும்தான். என் பார்வையில் இந்தக் கையில் இருந்து எடுத்துக்கொள்ள இது ஒன்றே போதும், மற்றதெல்லாம் இதன் கிளை.

எத்தனை புளுகு இருந்தால் எது சரி என்ற எல்லையையும் போட்டுப் பார்த்தேன். 47-ல் நாலு வழிக்குக் குறைவாகப் புளுகுகிறவரிடம் செக், அவர் வைத்தால் ஃபோல்ட். சுமார் 29 வழிக்கு மேல் புளுகுகிறவரிடம் செக், அவர் வைத்தால் கால். அவர் தானாகவே வந்து விழட்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பவரிடம்தான் 25. நடு இடைவெளி இவ்வளவு அகலம் என்பதால்தான் சின்னப் பந்தயம் பெரும்பாலும் சரியாக அமைந்து, தப்பான காரணமும் மரியாதையோடு பிழைத்துக்கொண்டிருக்கிறது.

அண்ணன் எந்த வகை?

இனி அந்த மேஜைக்கு வருவோம். அண்ணன் பல வருஷம் இலை எடைபோட்டு வாங்கியவர். மூட்டை நனைந்திருக்கிறதா, கரட்டு இலை கலந்திருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தே கழிவு சொல்கிறவர். சீட்டிலும் அப்படித்தான், இருப்பதைத்தான் சொல்வார். அன்று முன்னிரவில் ஒரு கையில் வரிசை சேராமல் போனபோது, எதிரில் செக் வந்தும் வைக்காமல் சிரித்துக்கொண்டே சீட்டைத் திறந்தார். ஜாக்கிதான் பெரிய சீட்டு, வேறொன்றும் இல்லை. புளுகுவதற்கு அதைவிட நல்ல இடம் அன்றைக்கு வரவில்லை. அதை டீச்சரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த ஆளிடம் செக்தான். 25 வைத்ததற்கு அவர் நூறாக ஆக்கிவிட்டார் என்பதால் சொல்லவில்லை. அவர் பேசாமல் ஃபோல்ட் செய்திருந்தாலும் இதே பதில்தான்.

ரெய்ஸுக்கு டீச்சர் விட்டது? அது சரி. அவர் இன்னும் 75 போட வேண்டும், நடுவில் 220 கிடக்கிறது, 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே வெற்றி வாய்ப்பு வேண்டும். அண்ணன் ஏஸ்-ராஜா, ராஜா-ஜாக்கி இரண்டோடும் ரெய்ஸ் செய்வார், ராஜா-பத்தோடு வெறும் கால் என்று வைத்தால் 24 நிஜக் கைகள். அதற்கு எதிரே 8 அல்லது 9 புளுகு ரெய்ஸாவது இருந்தால்தான் கால் தாங்கும். செக் வந்த இடத்திலேயே புளுகாதவர், பந்தயத்தின் மேல் ஏறிப் புளுகுவாரா? டம்ளரைக் கீழே வைத்ததை நான் சாட்சியாகச் சேர்க்கவில்லை. சேர்த்தாலும் தப்பில்லை.

வங்கி சார்தான் 25-க்கு ஏற்ற ஆள். செக் என்றால் அவருக்குப் பலவீனம் என்று அர்த்தம். சும்மா விடக் கூடாது என்று கை துறுதுறுக்கும், 60 வந்துவிடும். ஆனால் எதிரே ஒரு வில்லை விழுந்துவிட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ‘ஏதோ வெச்சிருக்காங்க’ என்று அடங்கிவிடுவார். ஏழு ஜோடியை வைத்துக்கொண்டு 25 தானே என்று காலும் செய்வார். 120-ஐ எடுக்க 25 போடுகிறார், 17 சதவீதம் போதும், அவர் கணக்கும் தப்பில்லை. என் அனுபவத்தில் வீட்டு மேஜைகளில் உட்காருபவர்களில் அதிகம் பேர் இந்த ரகம். அவர் பட்டனில் இருந்திருந்தால் டீச்சர் வைத்த 25-ஐ நான் கைதட்டிப் பாராட்டியிருப்பேன்.

தம்பி மூன்றாவது ரகம். கைப்பேசியில் ஆடியும் காணொளி பார்த்தும் வளர்ந்தவர்கள் சின்னப் பந்தயத்தைப் பார்த்ததும் அதற்குப் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் தெரிந்தால் மருந்தும் தெரியும்: ரெய்ஸ். நூறாக ஆக்குவதில் அவர் 100 போட்டு 120 எடுக்கப் பார்க்கிறார், 46 சதவீதம் எதிராளி விட்டால் போதும். நடுத்தரக் கையோடு 25 வைத்தவர் அதைவிட அதிகமாகவே விடுவார். அந்த 14 வெறுங்கைகளும் ஃபோல்ட் ஆவதற்குப் பதில் ரெய்ஸாக வந்து, டீச்சர் விட்டுவிட்டால் சராசரி 46.8. செக் செய்திருந்தால் கிடைத்த 53-ஐவிடக் கீழே. புளுகை மறிக்கப் போட்ட பந்தயமே புளுகுக்கு ஏணி ஆகிவிடுகிறது. துணிந்து கால் செய்தால் 58 வரும். ஆனால் இரண்டாவது ஜோடியை வைத்துக்கொண்டு நூறுக்குக் கால் செய்யும் துணிச்சல் உள்ளவர் முதலில் 25 வைத்திருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

சின்னப் பந்தயத்துக்குள் பெரிய கை

தம்பி போன்ற ஆட்களிடம் 25-ஐ முழுக்கக் கைவிட வேண்டியதில்லை. டீச்சர் உட்கார்ந்திருந்த பிக் பிளைண்டில், அதாவது பத்து கட்டும் இடத்தில், ஏழு-ஐந்து, எட்டு-ஆறு, ராஜா-எட்டு எல்லாம் வரும். இந்த மேஜைச் சீட்டில் ஏழு-ஐந்து என்பது 4, 5, 6, 7, 8 வரிசை, அசைக்க முடியாத கை. அதோடும் அவ்வப்போது அதே 25-ஐ, அதே விரல் நுனியால், அதே மாதிரி தள்ள வேண்டும். நூறாக ஆக்கியவர் மேல் முந்நூறாக ஒரு ரெய்ஸ் திரும்பி விழும். ஒரு தடவை அது நடந்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு ராணி-பத்து நிம்மதியாக 25 வைக்கலாம். அண்ணனிடமும் வங்கி சாரிடமும் இந்த வேஷம் வேண்டாம், அவர்கள் கவனிக்கவே போவதில்லை. வரிசையோடு நேராக 70 வைத்துவிடலாம்.

முதலில் பேசுபவர் தானே முந்தி வைப்பது கற்றுக்குட்டித்தனம் என்று ஒரு காலத்தில் அடித்துச் சொன்னார்கள். முந்தின சுற்றில் கால் மட்டும் செய்தவர் அடுத்த சுற்றைப் பந்தயத்தோடு தொடங்குவதை டாங்க் பெட் என்று, கழுதைப் பெயர் வைத்தே கேலி செய்தார்கள். 2019-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் துவோமாஸ் சாண்ட்ஹோமும் ஃபேஸ்புக்கோடு சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற நிரல், ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. சயின்ஸ் இதழில் வந்த அவர்களின் கட்டுரை, அந்தக் கழுதைப் பந்தயத்தை மனிதர்களைவிடப் புளூரிபஸ் மிக அதிகமாகச் செய்தது என்று குறிப்பிட்டிருக்கிறது. நம் கையில் டர்ன் இருபுறமும் செக்காகப் போனதால் டீச்சர் வைத்தது கறாரான பொருளில் அது இல்லை, பக்கத்து வீட்டு உறவு. ஆனால் இதைக் காட்டி ‘கம்ப்யூட்டரே வைக்குது’ என்று யாராவது 25 வைத்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த நிரல் தன் பெரிய கைகளையும் சின்னக் கைகளையும் கலந்து வைக்கிறது. அதில் பாதியை மட்டும் நகல் எடுத்தால் தம்பிதான் சம்பாதிப்பார்.

ராஜா விழாமல் இருந்திருந்தால்

கடைசியாக ஒரு மாற்றம். ரிவரில் ராஜாவுக்குப் பதில் ஆர்டின் 2 விழுந்திருந்தால்?

டீச்சரின் ராணி மேல் ஜோடியாகவே இருக்கும். அந்த 36 ராஜாக் கைகளும் வெறுங்கையாகி மூன்றாவது குவியலுக்குப் போய்விடும். டர்னில் செக் செய்த எதிராளியிடம் டீச்சரை ஜெயிக்கும் கை ஏறக்குறைய இல்லவே இல்லை. இங்கே மறிக்க எதுவும் கிடையாது, வாங்கத்தான் இருக்கிறது. யார் எதிரே இருந்தாலும் பந்தயம் வைக்கலாம், அண்ணனாக இருந்தாலும்.

ஆனால் எவ்வளவு? பலர் இங்கேயும் பழக்க தோஷத்தில் 25 வைக்கிறார்கள். ‘ஜோடி சுமார்தானே, துணைச் சீட்டு வெறும் பத்துதானே’ என்ற பயம். 25 வைத்து 31-ல் 20 கால் செய்தால் வரவு 500. 60 வைத்து வெறும் 9 கால் செய்தாலே 540. ஜாக்கி ஜோடியும் பத்து ஜோடியும் மட்டுமே 9 வழி. டர்ன் செக்காகப் போனதைப் பார்த்துவிட்டு அந்த இரண்டையும் கீழே வைக்கும் ஆள் எங்கள் மேஜையில் இன்னும் பிறக்கவில்லை. அந்த 2 விழுந்து, டீச்சர் ஒற்றைச் சிவப்பு வில்லையைத் தள்ளியிருந்தால்தான் நான் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.